வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் கரும்பு விவசாயி அவர். மனைவியின் கம்மலைத் திருவண்ணாமலை அடகுக்கடையில் வைத்துவிட்டு, வட்டியைக் கணக்குப் போட்டபடியே பஸ் ஏறுகிறார். வாங்க வந்த உரம் மறந்துபோகிறது. வீட்டில் திட்டு: "புத்தி எங்கே போச்சு?"

எங்கேயும் போகவில்லை. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் வெட்டுக்கு முன்பும், பணம் வந்த பின்பும் சோதித்தார்கள். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. வெட்டுக்கு முன் 100-க்கு 78 பேரின் பொருள் அடகில் இருந்தது. பின்பு 4 பேருடையதுதான். அதே ஆள்தான், ஆனால் கை வறண்டபோது படப்புதிரில் சரியான விடைகள் குறைந்தன, கவனச் சோதனையில் தவறும் தாமதமும் கூடின. அளந்து பார்த்த விவசாயிகளிடம் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும்கூட அப்போது அதிகம்.

வெயில், மழை காரணமா? ஆலை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மாதத்தில் வெட்டு கொடுப்பதால் அப்படிச் சொல்ல முடியாது. பதற்றம் மட்டுமே காரணம் என்றும் ஆய்வாளர்கள் சொல்லவில்லை. கடன் நினைப்பே மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்கிறார்கள். கொடுமை என்னவென்றால், கடன் பத்திரத்தில் கையெழுத்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த மாதங்களிலும் வாசலில் வந்து நிற்கலாம்.

திட்டுவதற்குப் பதிலாக, வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்பும் வீடுகளும் உண்டு.