1240-இல் ஓர் ஊரைத் தேடி

அமெரிக்காவில் இரவு நேரத்தில் மத்திய அலையைத் திறந்து 1240 கிலோஹெர்ட்ஸில் முள்ளை நிறுத்தினால் பல ஊர்கள் ஒரே சமயத்தில் பேசுவது கேட்கும். ஒரு வாக்கியத்தின் வால், ஒரு பாட்டின் நடுவரி, கார் விளம்பரத்தில் சொல்லும் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம், எல்லாவற்றுக்கும் மேலே விம்மி விம்மித் தணியும் ஓர் உறுமல். 1230, 1240, 1340, 1400, 1450, 1490 என்று ஆறு அலைவரிசைகளை அந்த நாட்டில் சிற்றூர் நிலையங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 150 நிலையங்கள். எதற்கும் ஒரு கிலோவாட்டுக்கு மேல் அனுமதி இல்லை. பகலில் அவரவர் ஊருக்குள் அவரவர் ஒலிப்பதால் தொந்தரவு கிடையாது. பொழுது சாய்ந்ததும் அயன மண்டலத்தின் கீழடுக்கு கலைந்துபோகிறது. அதுவரை அது விழுங்கிக்கொண்டிருந்த அலைகள் மேலடுக்குவரை ஏறி, அங்கிருந்து திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகின்றன. தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்கும் டி.எக்ஸ். நேயர்கள் இந்த ஆறு அலைவரிசைகளையும் சுடுகாடு என்றே குறிப்பிடுகிறார்கள்.

தூத்துக்குடியின் 1053-ஐ 200 கிலோவாட் பலத்தில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிய கணக்கு. நம் பக்கம் ஓர் அலைவரிசை என்றால் பெரும்பாலும் ஒரு பெரிய குரல். இங்கே நூற்றைம்பது சின்னக் குரல்கள். அவற்றுக்குள்ளிருந்து ஒன்றைப் பிரித்து, இது இன்ன ஊர் என்று ஆதாரத்தோடு சொல்ல முடியுமா? முடியும் என்பவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

முதலில் போனது வெர்மான்ட் மாநிலத்தின் தென்கோடி, பிராட்டில்பரோவுக்கு மேற்கே ஒரு மலைச்சரிவு. தொலைபேசிக் கம்பி பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார். சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம், வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், குளிர்பெட்டி எல்லாம் மத்திய அலையில் இரையும். வானொலிப் பெட்டி ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஓடியது. என் கைப்பேசியையும் அணைக்கச் சொன்னார்.

மேசைமேல் ஒரு மரச்சட்டம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. லூப் ஏரியல். இந்த ஏரியலை வைத்து ஒரு நிலையத்தைப் பிடிப்பதைவிட ஒரு நிலையத்தை வெட்டிவிடுவது எளிது. கம்பிச் சுற்றின் தளம் எந்தத் திசையில் நீள்கிறதோ அந்தத் திசையில் பரவலாகக் கேட்கும். அதற்குச் செங்குத்தான திசையில், ஊசிமுனை அளவுக்கு ஓர் ஊமைப்புள்ளி விழும். அந்தப் புள்ளியைத் தொல்லை தரும் நிலையத்தின்மேல் வைத்தால் அது அடங்கிப்போகும்.

அந்த வீட்டுக்குத் தெற்கே கிரீன்ஃபீல்ட், வடக்கே மான்ட்பீலியர். இரண்டு ஊரிலும் 1240-இல் நிலையம் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் எதிரெதிரே. லூப்புக்கு ஊமைப்புள்ளி இரண்டு, அவையும் எதிரெதிரே. ஒரே திருப்பலில் இரண்டும் தேய்ந்தபோது அந்த மரச்சட்டத்தை எவ்வளவு மெதுவாகத் திருப்பினார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நகர்ந்ததே தெரியவில்லை. மேற்குத் திசை திறந்துகொண்டது.

"பக்கத்து ஊரை அடக்குவது சுலபம்" என்றார். "அது தரையோடு வருகிறது, திசை மாறாது. வானத்திலிருந்து இறங்குவதை இப்படிப் பிடித்து நிறுத்த முடியாது. இறங்கும் கோணம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்."

மடிக்கணினியில் அந்த அலைவரிசையைப் பெரிதாக்கிக் காட்டினார். 1240 என்று நாம் ஒரு புள்ளியாக நினைக்கும் இடத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் பல நின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு நிலையத்தின் ஒலியைச் சுமந்துவரும் ஊர்தி அலை. சட்டப்படி ஒரு நிலையம் தன் அலைவரிசையிலிருந்து 20 ஹெர்ட்ஸ் இப்படியோ அப்படியோ விலகலாம். ஒன்று மூன்று ஹெர்ட்ஸ் மேலே, ஒன்று ஏழு ஹெர்ட்ஸ் கீழே. இந்தச் சிறு வித்தியாசங்கள் ஒன்றோடொன்று மோதுவதுதான் நான் கேட்ட உறுமல். சில கோடுகள் நேராக நின்றன. சில, டிரான்ஸ்மிட்டர் சூடேறுவதற்கேற்ப வளைந்தன. எந்த வளைவு எந்த ஊர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கலையின் மையம் அங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. காது கூர்மையாக இருந்தால் மட்டும் புதிய நிலையம் கேட்டுவிடாது. குவியலில் உள்ள பழைய நிலையங்கள் அத்தனையும் மனப்பாடமாகியிருக்க வேண்டும். முறத்தில் போட்டுப் புடைப்பதுபோலத் தெரிந்ததையெல்லாம் ஒதுக்கினால்தான் தெரியாதது மிஞ்சும். அவருடைய அலமாரியில் நோட்டுப்புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. எந்த நிலையம் காலையில் எந்த மணிக்குத் தேவாலயப் பாட்டுப் போடுகிறது, எது எந்த வலையமைப்பின் விளையாட்டுப் பேச்சை அஞ்சல் செய்கிறது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

முன்பைவிட இப்போது வேலை கடினம். பல சிற்றூர் நிலையங்கள் செயற்கைக்கோள் வழியே வரும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்புகின்றன. நாலைந்து ஊரில் ஒரே குரல், ஒரு நொடி முன்பின்னாக. அதோடு பல நிலையங்கள் தமக்கென ஒரு சிறிய எஃப்.எம். துணை ஒலிபரப்பியும் வைத்திருப்பதால், "இது 98.9" என்று எஃப்.எம். எண்ணையே முழங்குகின்றன. 1240 என்ற பேச்சே வராது. எனவே எந்த ஊர் ஏ.எம். நிலையத்துக்கு எந்த எஃப்.எம். எண் என்ற பட்டியலும் தலையில் இருக்க வேண்டும். இலையுதிர்கால வெள்ளிக்கிழமை இரவுகள்தான் அவருக்கு அறுவடை. உள்ளூர் உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை இந்தச் சிறு நிலையங்கள் நேரடியாக வர்ணனை செய்யும். பள்ளி அணியின் பெயர் ஒன்று காதில் விழுந்தால் போதும், ஊரைப் பிடித்துவிடலாம்.

மணி எட்டு பதினெட்டு. பெட்டியைச் சிற்றலைக்கு மாற்றினார். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து நேரம் சொல்லும் டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையம், ஒவ்வொரு மணியிலும் பதினெட்டாவது நிமிஷத்தில் பூமியின் காந்தப்புலம் எப்படியிருக்கிறது என்று அறிவிக்கும். கே எண் 1. அமைதி. அந்த எண் ஏறினால் துருவ ஒளி வலுத்து வடக்குப் பாதைகளில் வரும் அலைகள் அடங்கிவிடும். தெற்கிலிருந்து வருபவை மேலெழும். அதுவும் அவருக்கு நஷ்டமில்லை, தேடும் திசையை மாற்றிக்கொள்வார்.

ஒன்பது மணியை நெருங்கும்போது பேச்சை நிறுத்தினோம். மணிக்கொரு முறை, மணி திரும்பும் நேரத்தை ஒட்டி, நிலையம் தன் அழைப்புக் குறியையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்பது அந்நாட்டு விதி. நூற்றைம்பது நிலையங்களும் ஏறக்குறைய அதே பத்து நொடிகளில் பெயர் சொல்கின்றன. பிடிக்க வேண்டிய நேரமும் அதுதான், எல்லாம் மோதிக்கொள்ளும் நேரமும் அதுதான். முதலில் வெறும் கலவரம். பிறகு ஏதோ ஒன்று தாழ்ந்தது, இன்னொன்று எழுந்தது. ஓர் ஆண்குரல் நான்கு எழுத்துகளையும் ஓர் ஊர்ப்பெயரையும் சொல்லிவிட்டு அமிழ்ந்தது. எனக்குப் பெயரின் கடைசி அசை மட்டும் கிடைத்தது. அவர் எழுதிவிட்டார்: டபிள்யூ.எச்.ஐ.இசட்., ஸேன்ஸ்வில், ஒஹையோ. அங்கிருந்து சுமார் 850 கிலோமீட்டர், ஒரே கிலோவாட். ஒலிப்பதிவைத் திரும்ப ஓட்டியபோது அவர் சொன்னதுதான் இருந்தது. அவருக்கு இது பழைய சிநேகிதம். நோட்டில் நேரத்தை மட்டும் குறித்துவிட்டு, அதற்குக் கீழே யார் இருக்கிறார் என்று மறுபடி குனிந்தார்.

இந்தக் கதைக்கு மறுமுனையும் உண்டு. இந்த நேயர்களின் சங்கங்கள் பழையவை; நேஷனல் ரேடியோ கிளப் 1933-இல் தொடங்கியது. நேயர்கள் நிலையப் பொறியாளர்களுக்கு எழுதிக் கேட்டு, சில இரவுகளில் சோதனை ஒலிபரப்பு நடத்த வைக்கிறார்கள். நள்ளிரவுக்கும் சூரிய உதயத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் கருவிகளைச் சோதித்துக்கொள்ள நிலையங்களுக்கு அனுமதி உண்டு. பராமரிப்புக்காகப் பல நிலையங்கள் ஓய்வெடுப்பது திங்கள் அதிகாலை என்பது நெடுநாள் வழக்கம். அதற்கும் முன்னால், 1920-களில், சிகாகோ நிலையங்கள் திங்கள் இரவுகளில் வாயை மூடிக்கொண்டன; ஊர்க்காரர்கள் தொலைதூரத்தைக் கேட்கட்டும் என்று. தான் பேசாமலிருந்து இன்னொருவர் கேட்பதற்கு இடம்விட்ட அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

வேறொரு மாநிலத்தில், அந்த ஆறு அலைவரிசைகளில் மற்றொன்றில் ஒலிக்கும் ஒரு சிற்றூர் நிலையத்தில், அத்தகைய ஓர் அதிகாலையில் பொறியாளரோடு இருந்தேன். அவர் ஒரே நிலையத்தின் ஊழியர் அல்லர். சுற்றுவட்டாரத்தில் பல நிலையங்களைக் காரில் போய்ப் பார்த்துக்கொள்கிறார். டார்ச்சோடு கோபுரத்தடிக்கு அழைத்துப் போனார். மத்திய அலையில் கோபுரத்தின் உச்சியில் ஏரியல் என்று தனியாக ஏதும் கிடையாது. இரும்புக் கோபுரம் முழுவதுமே ஏரியல். பீங்கான் காப்பின்மேல் தரையைத் தொடாமல் நிற்கிறது. வேலிக்கு இப்பால் நின்றபடி கீழே காட்டினார். புல்லுக்கு அடியில் கோபுரத்தைச் சுற்றிச் சக்கர ஆரங்களாக 120 செம்புக் கம்பிகள் புதைந்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் அலையின் பெரும்பகுதி மண்ணிலேயே சூடாகிப் போய்விடும். கம்பிகளைத் திருடர்கள் தோண்டியெடுத்துப் போவது அவருடைய நிரந்தரக் கவலை. இன்னொரு கவலை, இத்தனை கம்பி ஓட ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், நிலத்தின் விலையோ நிலையத்தின் வருமானத்தைவிட வேகமாக ஏறுகிறது. கோபுரம் இருந்த இடத்தில் சேமிப்புக் கிடங்கு எழும்புவதை அவர் பார்த்திருக்கிறார். மின்சாரக் கார்களின் மோட்டார் இரைச்சலைச் சாக்குச் சொல்லிச் சில கார் கம்பெனிகள் ஏ.எம்.-ஐயே எடுத்துவிட்டதையும் கோபத்தோடு சொன்னார். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஓர் ஊரின் புயல் எச்சரிக்கையும் மரண அறிவிப்பும் பள்ளி ஆட்டமும் வேறெங்கும் ஒலிக்காது.

நிலையங்கள் மூடப்படும்போது கூட்டம் குறையும், தூரத்து ஊர்கள் தெளிவாகக் கேட்கும். வெர்மான்ட் பெரியவரிடம் இதைக் கேட்டிருந்தேன். "கேட்கும்" என்றார். "அப்படிக் கேட்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நேற்றுவரை இருந்த ஓர் ஊர் பேசாமல் போனதால் கிடைத்தது அது."

பொறியாளரின் நிலையத்தில் இரண்டு மணிக்குச் சோதனை தொடங்கியது. வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு மோர்ஸ் குறியில் அழைப்புக் குறி, பின் கீழிருந்து மேலே ஏறும் ஊளை, பின் மறுபடி மோர்ஸ். பேச்சு பல சுரங்களாகச் சிதறிக் கும்பலில் கரைந்துவிடும். ஒற்றைச் சுரத்தில் பலம் முழுவதும் ஒரே இடத்தில் குவிவதால் அது இரைச்சலைத் துளைத்துக்கொண்டு போகும். பொறியாளர் ஒவ்வொரு பகுதியின் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். அந்தத் தாளை வெளியே காட்டமாட்டார்கள். கேட்டவர் அனுப்பும் அறிக்கையை அதோடு ஒப்பிட்டுத்தான் உண்மையா என்று முடிவு செய்வார்கள்.

காலைக் காப்பி குடிக்கும்போது முதல் அறிக்கைகள் மின்னஞ்சலில் வரத் தொடங்கின. ஒன்று வெர்மான்டிலிருந்து. 2.14-க்கு மோர்ஸில் அழைப்புக் குறியின் கடைசி இரண்டு எழுத்து, 2.31-க்கு ஏறும் ஊளை, ஒலித்துண்டு இணைப்பு. பொறியாளர் தாளில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மூன்றாவது வரியில் நின்றார். 2.23-க்கு நான்கு நொடி ஊர்தி அலையே இல்லை என்று எழுதியிருந்தது. தாளில் அப்படி எதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, துணை டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு கணம் மாற்றிப் பார்த்ததைச் சொன்னார். பேனாவை எடுத்து 2.22-க்கும் 2.25-க்கும் நடுவில் அதை எழுதிச் சேர்த்தார். பிறகு நிலையத்தின் முத்திரை அச்சிட்ட அட்டை ஒன்றில் கையெழுத்திட்டு, தபால்தலையைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார்.