கோணி ஊசி

கூனிமேட்டில் நண்பர் வீட்டில் ரசம் சோற்றோடு நான்கு துண்டு உப்புக்கண்டம் வைத்தார்கள். பக்ரீத் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. குர்பானிக் கறியில் பங்கு பிரித்தது போக வீட்டுக்கு மிஞ்சியதை உப்புப் போட்டு, கோத்து, காயவைத்து, டப்பாவில் அடைத்திருந்தார்கள். கட்டையாக இருந்த துண்டுகளை நண்பரின் அம்மா அம்மியில் ஒரு தட்டு தட்டி எண்ணெயில் போட்டதும் வீடே மணத்தது. எங்கே வாங்கியது என்று கேட்டேன். "வாங்கறதா? ஆடு, உப்பு, கோக்கற ஊசி மூணும் ஒரே வாசல்லேர்ந்து வந்தது தம்பி" என்றார்.

மறுநாள் காலை நண்பரின் வண்டியில் அந்த வாசலுக்குப் போனோம். புரட்டாசியின் கடைசி வாரம். மரக்காணத்தை நெருங்கியதும் சாலையோரம் உப்பளங்கள் தொடங்கிவிட்டன. பாத்திகளில் வேலை ஓய்ந்திருந்தது. மோட்டார்களைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். வரப்பு மேட்டில் குவித்த உப்பம்பாரங்களின் மேல் பனையோலை வேய்ந்து, மழைக்குக் குடிசை கட்டியது போல் வைத்திருந்தார்கள். தை, மாசியில் தொடங்கும் உப்பு வேலை வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றுவிடும். நாள் கூலிக்காரர்களுக்கு வேலை நின்ற நாளிலேயே கூலியும் நிற்கும். அடுத்த கூலி தை பிறந்த பிறகுதான்.

அந்த வாசல் ஓர் ஆயாவுடையது. அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. வீட்டின் பின்பக்கம் ஐந்து ஆடுகள், ஏழெட்டுக் கோழிகள், வேலியோரம் முருங்கை, கத்தரி, மிளகாய், ஒரு சுண்டைக்காய்ச் செடி. அன்று காலை பறித்த மிளகாய் முறத்தில் கிடந்தது. "மோர்ல போட வெயில் பத்தாது, கொழம்புக்குத்தான்" என்றார். மோர் மிளகாயும் கத்தரி வற்றலும் சித்திரையிலேயே முடிந்து, உள்ளே பானையில் இருந்தன. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில்தான் தோட்டத்தைப் பறித்துக் கண்ணாடிப் புட்டிகளில் அடைப்பார்கள். இங்கே மழைக்கு முன்பே, வெயில் இருக்கும்போதே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் எதையும் காயவைக்க முடியாது. சேர்த்து வைத்ததை எடுத்துச் சாப்பிடும் காலம் அது.

உப்பைப் பற்றி ஆயா சொன்னதுதான் என்னை அங்கே உட்காரவைத்தது. திண்ணையில் இரண்டு சட்டிகள். ஒன்றில் இந்த வருஷத்து உப்பு, மற்றதில் போன வருஷத்து உப்பு. இரண்டிலும் ஒவ்வொரு கல் எடுத்து என் நாக்கில் வைத்தார். புதியது கரிப்போடு பின்நாக்கில் கசந்தது. பழையது கரித்ததோடு சரி. "புது உப்புல ஊறுகா போட்டா கசக்கும், கண்டம் போட்டா நீர் கோக்கும். ஒரு மழ பாத்த உப்புதான் நல்ல உப்பு."

வேதியியலும் இதையேதான் சொல்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. வெயிலில் நீர் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் அடியில் படியும். நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவு 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்குவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். விட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்துகொள்ளும். கசப்பு அவற்றுடையது. காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவதும் அவைதான். அம்பாரத்தில் கிடக்கும் உப்பிலிருந்து அந்தக் கசப்பு நீர் மாதக்கணக்கில் மெல்ல வடிகிறது. பாமே மானி இல்லாமல் நாக்கினாலேயே ஆயா அதை அறிந்திருக்கிறார்.

பிறகு ஊசியைக் காட்டினார். ஒரு சாண் நீளம், முனைப் பக்கம் சற்றே வளைந்து தட்டையானது. சணல் நுழையும் அளவுக்குப் பெரிய காது. சாக்கு தைக்கும் கோணி ஊசி. கல்யாணமாகி வந்த புதிதில் பாத்தியிலிருந்து மேட்டுக்கு உப்புச் சுமந்திருக்கிறார். கழுத்து வலி நிரந்தரமானதும் மூட்டை தைக்க வந்தார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. வலது கட்டைவிரலின் அடியில் காய்ப்பு விழுந்து, அந்த இடத்தில் தோலே வேறு நிறமாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் ஊசி ஒரே இரவில் துருவேறும் என்பதால், இடுப்பில் சொருகிய எண்ணெய்த் துணியில் சுற்றியே வைத்திருந்தாராம். "ரெண்டு ஊசி தேஞ்சி போச்சு. இது மூணாவது." ஊசி தேயும் என்பதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

இதே ஊசிதான் பக்ரீத்துக்கு மறுநாள் கூனிமேட்டு வீடுகளுக்குப் போகிறது. சாதாரண ஊசி கறியில் வளைந்துவிடும். தொடைக்கறியைக் கட்டைவிரல் அளவுக்கு நீளவாக்கில் நறுக்கி, கல் உப்பும் மஞ்சளும் பிசறி, ஒரு ராத்திரி வைத்தால் காலையில் பாத்திரத்தின் அடியில் நீர் நிற்கும். கறிக்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. அந்த நீர் போய்விட்டால் அழுகவைக்கும் கிருமிகள் கறியில் பெருக முடியாது. பூண்டும் மிளகாயும் அரைத்துப் போடுகிற வீடும் உண்டு. ஆயா போடுவதில்லை. சணலில் கோத்தால் நார் ஒட்டிக்கொள்ளும் என்று பருத்தி நூலை இரட்டையாக முறுக்கிக் கோக்கிறார். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி. ஒட்டினால் அந்த இடம் காயாது, அங்கிருந்துதான் புழு வைக்கும். நாலைந்து நாள் வெயில், காக்கைக்குக் காவல், சாயங்காலமானதும் உள்ளே. இரண்டு துண்டுகளைத் தட்டினால் மரத்துண்டு போல் சத்தம் வர வேண்டும்.

ஆடுகள் அவருக்கு வார முறையில் வந்தவை. வசதியுள்ள ஒருவர் பெட்டை ஆட்டைக் கொடுப்பார். வளர்ப்பவர் மேய்த்து, ஈனவைத்து, குட்டிகளில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். ஐந்து மாதச் சினைக்குக் காத்திருந்து, முதல் ஈற்றில் பிறந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதை வைத்துப் பெருக்கிய மந்தை இது. வேலிக்காத்தான் காயும் முருங்கைத் தழையும்தான் தீனி. மழை பெய்து புதுப் புல் தளிர்க்கும்போது வயிறு முட்ட மேயவிட்டால் துள்ளுமாரி நோய் கண்டு துள்ளி விழுந்து செத்துவிடும் என்று, ஐப்பசி முழுக்கக் கட்டித்தான் தீனி போடுகிறார். சங்க நூலான சிறுபாணாற்றுப்படை, அன்று ஓய்மா நாடு எனப்பட்ட இந்தப் பகுதியைப் பாடியது. அதில் உப்பு விற்கும் உமணரின் பிள்ளைகளோடு ஒரு மந்தி விளையாடும் காட்சி வரும். உப்போடு வாழ்கிற வீடு விலங்கோடும் வாழ்ந்திருக்கிறது. ஆயாவின் ஆடுகள் அவர் குரலுக்குத் தலை திருப்பியபோது எனக்கு அந்த மந்தி நினைவுக்கு வந்தது.

எனக்குக் கோபம் வந்தது இதற்குப் பிறகுதான். புரட்டாசியில் பாதி ஊர் கறி தின்னாது. ஆட்டு விலை இறங்கும். அதே வாரங்களில்தான் உப்பளம் மூடுகிறது, இந்த வீடுகளில் கைக்காசு தீர்கிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் வியாபாரி அப்போது வந்து நிற்கிறார். தராசு கிடையாது. முதுகெலும்பில் கைவைத்து அழுத்திப் பார்த்து, உரித்தால் இத்தனை கிலோ தேறும் என்று அவரே சொல்லி, அவரே விலையும் சொல்வார். அந்த ஆடு சில வாரங்கள் அவர் கொட்டகையில் நின்று, தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தைக்குப் போகும். ஆண்டு முழுக்கத் தழை ஒடித்துப் போட்டவருக்குக் கிடைக்காத லாபம் சில வாரம் காத்திருக்க முடிந்தவருக்குக் கிடைக்கிறது. உப்பிலும் இதே கதைதான். பாத்தியில் வாரும்போது ஒரு விலை, மழை பெய்து தட்டுப்பாடு வந்ததும் வேறு விலை. அந்த ஏற்றத்தில் ஒரு பைசாகூட வாரியவருக்கும் சுமந்தவருக்கும் தைத்தவருக்கும் வராது. காத்திருக்கும் சக்தியைப் பணம் உள்ளவர்கள் மட்டுமே வைத்திருக்கிறார்கள். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுப்பதைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. நல்ல காரியம். அது ஆடு விற்கும் வாரத்துக்கு முன்பே கைக்கு வந்தால் ஆயாவின் ஆடு தீபாவளி வரை அவர் வாசலிலேயே நிற்கும். பணம் எந்தத் தேதியில் வருகிறது என்பது தொகையைவிடப் பெரிய விஷயம் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

சேர்த்து வைத்த உணவு கைகொடுத்த நாட்களைப் பற்றியும் ஆயா சொன்னார். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது மரக்காணத்து உப்பளங்கள் ஒரே ஏரியாகிவிட்டன. ஆயா வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். ஆடுகளைத் திண்ணையில் ஏற்றிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றிருக்கிறார். அடியில் இருந்த அரிசி நனைந்தது. பரண் மேல் இருந்த கருவாட்டுப் பானையும், உத்தரத்தில் தொங்கிய கண்டச் சரமும் தப்பின. மூன்று நாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கஞ்சியும் கண்டமும்தான்.

நாங்கள் கிளம்பும் நேரம் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் செருப்பைக் கழற்றாமலே கொல்லைக்குப் போய், கிடாவின் முதுகில் கை வைத்தார்.

"இன்னா ஆயா, குடுக்கறியா?"

"தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி வா."

"அதுக்குள்ள மழ வந்துடும் ஆயா."

வந்தவர் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்துக் கிளப்பினார். ஆயா பதில் சொல்லவில்லை. கிழக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய் நான்கு பழைய உப்புச் சாக்குகளையும் ஊசியையும் எடுத்து வந்தார். ஆட்டுக் கொட்டகையில் சாரல் அடிக்கும் பக்கத்துக்குத் திரை தைக்க வேண்டுமாம்.

"தம்பி, இந்த மூலைய இழுத்துப் புடி."

பிடித்தேன். அவர் தைக்க ஆரம்பித்தார்.