மூணு நூல் போல்ட்டும் ஆசாரி மாமா கையும்

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். மெஷின் டிசைன் பேப்பர்ல ஒரு அரியர் வெச்சிருக்கிற கௌரவமான மாணவன். ‘ஸ்க்ரூ த்ரெட்’ பத்திக் கேள்வி வந்தா ஆறு பக்கம் எழுதுவேன். படம் போட்டு, பென்சில்ல ஷேடு அடிச்சு, தலைப்புக்கு அடியில ரெண்டு கோடு வேற. அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து, நிஜமான ஒரு த்ரெட் கைகொட்டிச் சிரிச்ச கதை இது.

கோயமுத்தூர் கணபதியில எங்க அப்பாவுக்குச் சின்னதா ஒரு மரப் பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில் செய்யற இடம். பலகையை அறுக்க ஒரு வட்ட ரம்பம், முகத்தைச் சமமாக்க ஒரு இழைப்பு மெஷின், எல்லாப் பலகையையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவர ஒரு திக்னஸ் மெஷின். மூணுமே செகண்ட் ஹேண்ட். வார்ப்பிரும்பு உடம்பு. இன்னும் நாப்பது வருஷம் உழைக்கும்.

ஆனா, மனுஷன் கை வைக்கிற இடம் எல்லாம் ஒட்டுப்போட்டது. திக்னஸ் மெஷின் சக்கரத்துல கைப்பிடி உடைஞ்சு, அதுக்குப் பதிலா ஒரு இரும்புக் கம்பியை வெல்டிங் வெச்சிருந்தாங்க. ரம்பத்தை ஏத்தி இறக்கற திருகு காணாமப்போய், அந்த இடத்துல ஒரு ஸ்பேனரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. பழைய மெஷின் வாங்கறவங்க மோட்டாரைப் பார்ப்பாங்க, பேரிங்கைப் பார்ப்பாங்க. நாப்பை யார் பார்க்கறாங்க?

செமஸ்டர் லீவுல ஒருநாள் பட்டறைல உக்காந்து போன் நோண்டிக்கிட்டு இருந்தேன். ரம்பத்துல ஆசாரி மாமா வேங்கைப் பலகை அறுத்துக்கிட்டு இருந்தார். திடீர்னு ‘டமார்’னு ஒரு சத்தம். ரெண்டடி நீளப் பலகை ஒண்ணு அவர் இடுப்புக்குப் பக்கமாப் பறந்து வந்து, பின்னாடி சுவத்துல அடிச்சு விழுந்துச்சு. சுவத்துல காரை பெயர்ந்திருந்தது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தா..? நினைச்சாலே இப்பவும் வயித்தைக் கலக்குது.

ஏன் அப்படி ஆச்சு? ரம்பத்துக்குப் பக்கத்துல ‘கைடு’ன்னு ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். பலகை அதுல சாய்ஞ்சுதான் ஓடும். அது ரம்பத்துக்கு இணையா அசையாம நிக்கணும். அதைப் பூட்டற நாப் சரியா இறுகலைன்னா, கைடோட பின்பக்கம் ரம்பத்தைப் பார்த்து நகரும். பலகை நடுவுல மாட்டும். ரம்பத்தோட பின்பக்கப் பல்லு மேல ஏறி வர்ற பல்லு. அது பலகையைத் தூக்கி, அறுக்கிறவர் பக்கமே வீசிடும்.

“ஏன் மாமா, இறுக்கலையா?”ன்னு கேட்டேன்.

“இறுக்கினேன் கண்ணு. கை நிக்கல.”

அப்பதான் அவர் கையை ஒழுங்காப் பார்த்தேன். சின்ன வயசுலேர்ந்து பார்க்கிற கைதான். பல வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு பட்டறைல நடந்த விபத்துல, வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி போயிடுச்சு. அந்தக் கைடு நாப் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத்தான் இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தாதான் அதைப் பிடிச்சுத் திருக முடியும். அவருக்கு அந்த விரலே இல்லையே! இத்தனை நாளா திருகற வரைக்கும் திருகிட்டு, சுத்தியலால ஒரு தட்டு தட்டி ஓட்டிக்கிட்டு இருந்திருக்கார்.

“அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

கொஞ்ச நேரம் பேசல. “வயசாயிருச்சு, கை போயிருச்சுன்னு நெனச்சுட்டாருன்னா..? வேற எங்க போறது தம்பி?”

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. உடனே எனக்குள்ள இருந்த இன்ஜினீயர் சிலிர்த்து எழுந்தான். ‘ஒரு நாப்தானே? நான் மாத்தறேன்’னு வண்டியை எடுத்துக்கிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஸ்கேல் வெச்சு அளந்த போல்ட் ஏறக்குறைய 10 எம்.எம். ஆக, ‘எம்10’. பெருசா, பூ மாதிரி அஞ்சு இதழ் வெச்ச பிளாஸ்டிக் நாப் ஒண்ணு, போல்ட்டோட சேர்த்து வாங்கினேன். பட்டறைக்கு வந்து திருகினேன். ரெண்டு சுத்து போச்சு. அப்புறம் நின்னுடுச்சு. ‘துரு பிடிச்சிருக்கும்’னு எண்ணெய் விட்டு, ஸ்பேனர் போட்டு ஒரே அழுத்து...

‘க்ரீச்!’

வெளியே எடுத்தா, போல்ட் பூரா இரும்புத் தூள். ஓட்டைக்குள்ள த்ரெட் காலி. இப்ப கைடு சுத்தமாப் பூட்டாது. ரம்பம் ஓடாது. ஞாயித்துக்கிழமை குடுக்கவேண்டிய ஜன்னல் ஆர்டர் அந்தரத்துல! அப்பா என்னைத் திட்டல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, “படிச்ச புள்ளை”ன்னு மட்டும் சொன்னார். அதுக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

கைடைக் கழட்டித் தூக்கிக்கிட்டு ஆவாரம்பாளையத்துல ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். லேத் அண்ணன் ஓட்டையைப் பார்த்ததும் சிரிச்சுட்டார். “இது மூணு நூல் போல்ட் தம்பி. இதுல எம்10-ஐ வுட்டா எப்படிப் போகும்?”

நூல்? என் சிலபஸ்லயே இல்லாத வார்த்தை! நம்ம ஊர் ஆசாரிங்க கணக்குல ஒரு இஞ்சுல எட்டுல ஒரு பங்குதான் ஒரு நூல். மூணு நூல்னா எட்டுல மூணு இஞ்ச். அதாவது 9.525 எம்.எம். என் ஸ்கேலுக்கு அதுவும் பத்துதான். அதோட த்ரெட், பிரிட்டனோட ஜோசப் விட்வொர்த் 1841-ல கொண்டுவந்த கணக்குப்படி இஞ்சுக்கு 16 புரி, 55 டிகிரி கோணம். எம்10-க்கு 1.5 எம்.எம். இடைவெளி, 60 டிகிரி. ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒத்துப்போகவே போகாது. இந்தியாவுல மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-ல. ஆனா பழைய மெஷினுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல!

ஓட்டை கெட்டுப்போனா அதுக்கும் வழி இருக்கு. லேத் அண்ணன் 10.2 எம்.எம். டிரில் போட்டுப் பழைய த்ரெட்டைச் சுத்தமா எடுத்தார். அப்புறம் எம்12 டேப்பை விட்டுப் புது த்ரெட் வெட்டினார். அரை சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடின்னு பொறுமையா இறக்கினார். போல்ட் நுனி உரசிப் பள்ளம் விழாம இருக்க, நடுவுல ஒரு சின்ன பித்தளைத் துண்டு.

அடுத்து அவர் கேட்டதுதான் கேள்வி. “சரி, நாப் யாரு கைக்கு?”

அதுவரைக்கும் நான் போல்ட்டைத்தான் அளந்திருந்தேன். கையை அளக்கவே இல்லை!

கடைசியில நாப்பைச் செஞ்சது ஆசாரி மாமாவே. மிச்சம் கிடந்த தேக்குத் துண்டுல நாலு இஞ்ச் நீளத்துக்கு ஒரு கட்டை. நடுவுல ஆறு பட்டையாக் குடைஞ்சு, போல்ட் தலையை உள்ளே இறக்கி, பிசின் போட்டு ஒட்டினார். விரலால பிடிச்சுத் திருகவேண்டியதில்லை. உள்ளங்கையை வெச்சுத் தள்ளினாலே போதும். கணக்கு ரொம்ப சிம்பிள். பழைய நாப்புக்கு நடுவுலேர்ந்து விளிம்பு அரை இஞ்ச். புதுசுக்கு ரெண்டு இஞ்ச். அதே பலத்துக்கு நாலு மடங்கு இறுக்கம். பரீட்சையில இதைப் பத்துத் தடவை எழுதியிருக்கேன். ஒரு தடவையும் அது யாரோட கைன்னு யோசிச்சதில்லை.

“அப்படின்னா எட்டு இஞ்ச் வெச்சுடலாமே!”ன்னு ஆர்வக்கோளாறுல கேட்டேன். “வெய்யி. வார்ப்பு வெடிச்சுப்போகும்”னார் லேத் அண்ணன். வார்ப்பிரும்பு வளையாது, நேரா விரியும். கை பத்தாத இடத்துல தேவையான அளவுக்கு மட்டும் பெருசு பண்ணணும். ஒரு முழுச் சுத்து சுத்தும்போது எதுலயும் இடிக்கக்கூடாது. கை ரம்பத்துப் பக்கம் போகவே கூடாது. வேலைக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கியே ஆகணும்.

சூட்டோடு சூடா திக்னஸ் மெஷினையும் ஒரு கை பார்த்தோம். வெல்டிங் வெச்ச கம்பி அசையாம நிக்கறதால, சுத்தச் சுத்த உள்ளங்கைத் தோல் உரிஞ்சுக்கிட்டு இருந்தது. அதை அறுத்துட்டு ஒரு போல்ட் வெச்சு, அதுமேல தானா உருளற மரக் குழல் மாட்டினோம். அந்த மெஷின்ல ஒரு சுத்துக்கு மேஜை 4 எம்.எம். ஏறும். சக்கரத்துல நாலு இடத்துல பெயின்ட் புள்ளி வெச்சோம். ஒரு புள்ளிக்கு ஒரு எம்.எம். பழைய திருகுல கொஞ்சம் ஆட்டம் இருக்கும்ங்கறதால, எப்பவும் கீழே இறக்கிட்டு மேல ஏத்தித்தான் அளவுக்கு வரணும். இதுவும் ஆசாரி மாமா சொல்லிக்கொடுத்தது. புத்தகத்துல இதுக்குப் பேர் ‘பேக்லாஷ்’. அவர் வெச்சிருக்கிற பேர் ‘திருட்டு இடம்’. எது நல்லா இருக்கு, நீங்களே சொல்லுங்க!

மொத்தச் செலவு நானூறு ரூபாய்க்குள்ள. அதுல என் பிளாஸ்டிக் பூ நூத்தி இருபது.

காலேஜ் திறந்ததும், இதையே மினி புராஜெக்டா செய்யலாம்னு போய்க் கேட்டேன். “நாப் மாத்தறதெல்லாம் ஒரு புராஜெக்டாப்பா? சோலார், ரோபோன்னு ஏதாவது கொண்டு வா”ன்னுட்டார் சார். சரின்னு சோலார்ல ஏதோ பண்ணிக்கிட்டு இருக்கோம். அது ஓடுமான்னு சூரியனுக்கே சந்தேகம். பரவாயில்லை.

போன சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். அப்பா தற்செயலா ரம்பத்துப் பக்கம் வந்தவர், கைடை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அசையல.

“யார் இறுக்கினது? நல்லாப் புடிச்சிருக்கே!”

ஆசாரி மாமா திரும்பிக்கூடப் பார்க்கல. பலகையில பென்சில் கோடு போட்டுக்கிட்டே சொன்னார்.

“நாந்தானுங்க.”