இரவல் துயரம்

அடுத்தவர் துயரத்தை எடுத்துச் சொல்ல நமக்கென்ன உரிமை? மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கோட்பாட்டு நூல்களில் எனக்குக் கிடைக்காத பதில் ஓரளவு கிடைத்தது ஒரு ராக் ஆல்பத்தில். அதையும் பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

'ஃப்ரீ' என்ற பிரிட்டிஷ் குழுவின் முதல் ஆல்பம் அது. பெயர் 'டன்ஸ் ஆஃப் சாப்ஸ்'. டன் டன்னாக விம்மல்! 1968 கடைசியில் லண்டனில் பதிவாகி, 1969 மார்ச்சில் வெளிவந்தது. பதிவின்போது நால்வரில் ஒருவருக்கும் 20 வயது நிரம்பவில்லை. பாஸ் கிடார் வாசித்த ஆண்டி ஃப்ரேசருக்கு 16. பாடகர் பால் ராட்ஜர்ஸும் கிடார் கலைஞர் பால் காஸஃபும் 18ஐ ஒட்டியவர்கள். டிரம்ஸ் வாசித்த சைமன் கிர்க்தான் மூத்தவர்: 19!

பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆல்பத்துக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் 197ஆவது இடம். அதே 1969 தொடக்கத்தில் வந்த லெட் ஸெப்லின் குழுவின் முதல் ஆல்பம் இரு நாடுகளிலும் முதல் பத்துக்குள் நுழைந்தது. மறு ஆண்டு 'ஆல் ரைட் நவ்' பாட்டு ஃப்ரீக்குப் புகழ் தேடித் தந்தது. ஆனால் அந்த ஒரு பாட்டின் நிழலில் முதல் ஆல்பம் மறைந்தே போனது.

ப்ளூஸ் இந்தப் பையன்களின் சொத்து அல்ல. அமெரிக்கத் தென் மாநிலங்களில், பருத்திக் காட்டிலும் சிறையிலும் உழன்ற கறுப்பின மக்களின் இசை அது. ஆங்கிலேய இளைஞர்கள் அதை இசைத்தட்டுகள் வழியாகக் கற்றார்கள். சுருங்கச் சொன்னால், மொழிபெயர்த்தார்கள். 'தி ஹன்ட்டர்' பாட்டை 1967இல் பாடியவர் ஆல்பர்ட் கிங். அதை லெட் ஸெப்லினும் தங்கள் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குள் நுழைத்துக்கொண்டார்கள். அங்கே அது ஒரு நீண்ட ஆரவாரத்தின் நடுவே வந்து போகிறது. ஃப்ரீயிடம் அவசரமே இல்லை. பாட்டை அதன் கனத்தோடு நடக்க விடுகிறார்கள்.

உண்மையான சோதனை 'கோயின் டவுன் ஸ்லோ'. செயின்ட் லூயி ஜிம்மி என்ற பாடகர் 1941இல் பதிவு செய்தது. ஆடி அடங்கிய ஒருவன், உடம்பு தேறாது என்று தெரிந்தபின் தாய்க்குச் செய்தி அனுப்பச் சொல்கிற பாட்டு. இதைப் பதினெட்டு வயதுப் பையன் பாடினால் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. ராட்ஜர்ஸ் கிழவனாக நடிப்பதில்லை. இளைஞனுக்குச் சாவைப் பற்றி என்ன பயம் இருக்குமோ அதைப் பாடுகிறார். பின்னால் காஸஃபின் விரல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து அசைக்கிறது. நம்மூர்க் காது அதைக் கமகத்துக்கு உறவு என்று சொல்லும். எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் பாட்டில் வித்தை காட்டுவதற்கென்று எதுவும் இல்லை.

தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் மேடையில் வாசிப்பதைப் போலவே சுருக்கமாகப் பதிவு செய்துவிட்டார். அந்த ஆண்டுகளில் புழங்கிய ஸ்டூடியோ ஜாலங்கள் குறைவு. அதனால்தான் ஆல்பத்துக்கு வயதாகவில்லை.

காஸஃப் 1976 மார்ச்சில் நியூயார்க் செல்லும் விமானத்தில் இறந்தார். வயது 25. போதைப் பழக்கம் உடம்பைத் தின்றிருந்தது. நடிகரான அவர் தந்தை டேவிட் காஸஃப் பிறகு போதைக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார். இதை அறிந்தவர்கள் அந்தப் பாட்டில் முன்னறிவிப்பைத் தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1968இல் அந்த அறையில் இருந்தவர் எதிர்காலம் தெரியாத பதினெட்டு வயது இளைஞர். அவரது மரணத்தை இரவல் வாங்கித்தான் பாட்டுக்கு உண்மை சேர்க்க வேண்டும் என்பதில்லை. அது அன்றே உண்மையாகத்தான் இருந்தது.

மூலத்தின் குரலை நகலெடுக்காமல், தன் பயத்தையும் கொஞ்சம் அடகு வைத்தால் அடுத்தவர் துயரத்தைத் தொடலாம். உரிமை என்று ஒன்று இருந்தால் அது அவ்வளவுதான். மொத்த ஆல்பமே சுமார் 40 நிமிடங்கள். எட்டு நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்றால், 'கோயின் டவுன் ஸ்லோ'வில் தொடங்குங்கள்.