ஒட்டினால் மட்டும் போதுமா?

ஃபைபர் போட், காற்றாலை இறக்கை, போயிங் 787... எல்லாம் ஒரே குடும்பம்தான். மெல்லிய இழைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின். இந்தக் கூட்டணிக்குப் பெயர் காம்போசிட். 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதி இந்த வகைதான்.

இழை எவ்வளவு பலம், பிசின் எவ்வளவு பலம் என்று எல்லாரும் கேட்பார்கள். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த எல்லை எவ்வளவு பலம்? பொருள் எப்படி உடையும் என்பதைப் பல நேரம் அதுதான் முடிவு செய்கிறது.

பொருளை இழுத்தால், சுமை முதலில் பிசினில் ஏறி, பிறகு இழையின் பக்கவாட்டுத் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழைக்குள் போகிறது. 1952இல் காக்ஸ் இதற்குக் கணக்குப் போட்டார். 1965இல் கெல்லியும் டைசனும் இன்னும் எளிமையாக்கினார்கள்: இழையின் பலத்தை அதன் விட்டத்தால் பெருக்கி, எல்லையின் பலத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். இழை 2000 மெகாபாஸ்கல், விட்டம் 10 மைக்ரான், எல்லை 40 மெகாபாஸ்கல் என்று வைத்தால் விடை 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். அதைவிடக் குட்டையான இழை உடையாது, உருவிக்கொண்டு வந்துவிடும். அதன் முழு பலமும் வீண்!

அப்படியானால் நன்றாக ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் வேடிக்கை. 1964இல் குக், கார்டன் இருவரும் காட்டியது இது. ஒரு விரிசல் இழையை நோக்கி ஓடி வருகிறது. எல்லை ரொம்ப உறுதியாக இருந்தால் விரிசல் இழையையும் சேர்த்து வெட்டிக்கொண்டு நேராகப் போய்விடும். எல்லை போதிய அளவு பலவீனமாக இருந்தால், விரிசல் வந்து சேரும் முன்பே அது பிரிந்து வழிவிடும். விரிசல் பக்கவாட்டில் திரும்பி மழுங்கிவிடும். செராமிக்கில் செராமிக் இழை வைக்கும்போது, இழை மேல் கார்பன் அல்லது போரான் நைட்ரைடு பூசி, ஒட்டுதலை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். ஒட்டவும் வேண்டும், தேவையான நேரத்தில் விடவும் வேண்டும்.

இதை எப்படிக் கம்ப்யூட்டரில் மாடல் செய்வது? இழைக்கும் பிசினுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஸ்ப்ரிங் வரிசை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இழுக்க இழுக்க விசை ஏறும், ஒரு உச்சம் தொடும், பிறகு தளர்ந்து பூஜ்யமாகும். டக்டேல், பேரன்பிளாட் ஆகியோர் 1960ஐ ஒட்டி விதைத்த யோசனை இது. 1987இல் நீடில்மேன் உலோகத்துக்குள் இருக்கும் துகள்கள் பிரிவதற்கு இதைப் பயன்படுத்தினார். முக்கியமாக இரண்டு எண்கள் போதும்: உச்ச விசை, வளைகோட்டுக்கு அடியில் உள்ள பரப்பு. அந்தப் பரப்புதான் பிரிப்பதற்கு ஆகும் ஆற்றல்.

அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வரும்? ஒற்றை இழையைப் பிசின் துளியிலிருந்து உருவிப் பார்த்து அளக்கலாம். ஆனால் அந்த அளவில் உராய்வும் கலந்திருக்கும். பிசின் ஆறும்போது சுருங்கி இழையை இறுக்குவதும் கலந்திருக்கும். வெவ்வேறு எண் ஜோடிகள் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைத் தந்துவிடலாம். எண்களைத் திருகிக்கொண்டே இருந்தால் எந்த மாடலும் சோதனையோடு ஒரு நாள் பொருந்தும். சிவப்பும் நீலமுமாகப் படமும் ஜோராக வரும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அது போதும்.

நிஜத்துக்குப் போதாது. 2023 ஜூனில் டைட்டன் நீர்மூழ்கியின் கார்பன் ஃபைபர் உடல் அட்லாண்டிக்கில் நசுங்கி 5 பேர் இறந்தார்கள். 2022இலேயே ஒரு பயணத்தில் அதன் அடுக்குகள் பிரிந்திருந்தன என்பது அமெரிக்க விசாரணையின் முடிவு. அங்கே பிரிந்தவை அடுக்குகள், இங்கே பேசுவது தனி இழை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். பிரிவு உள்ளே நடக்கும், வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும்.

ஆகவே ஒரு மாடலை நம்பலாமா என்பதற்கு நல்ல பரீட்சை இது: ஒரு சோதனையில் கிடைத்த எண்களைக் கை வைக்காமல் எடுத்து, வேறு தடிமனில், வேறு திசையில் இழுத்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். சோதனை முடிந்த பிறகு பொருத்திக் காட்டுவது ஜாதகத்தைத் திருத்தி எழுதுகிற வேலை!