முக்காலியும் முதலாளியும்

கல்லூரியில் ஏடு பயிலும் நாம் உலகைப் பயிலும் வாய்ப்பினைக் கோடை விடுமுறையிலேதான் பெறுகின்றோம். சென்ற கோடையில், தென்பாண்டி நாட்டு நகரொன்றிலுள்ள துணிக்கடையில், நாற்பது நாள் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தோம். அமர்ந்தோம் என்பது முழுதும் உண்மையே; கணக்கெழுதுவோனுக்கு நாற்காலி உண்டு. நமக்கு எதிரே புடைவை விரித்துக் காட்டிய மகளிரோ, காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை, உண்ணும்பொழுது நீங்கலாக, நின்றவண்ணமே இருந்தனர்.

இருக்கை இல்லாக் குறையால் அவர் நின்றாரல்லர். கடைகளிற் பணிபுரிவோர்க்கு இருக்கை அளித்தல் வேண்டுமெனக் கேரளம் 2018-ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2021-ஆம் ஆண்டிலும் சட்டந் திருத்தின. அதற்கிணங்க அக்கடையிலும் 'ஸ்டூல்' என வழங்கும் முக்காலிகள் வாங்கி இடப்பட்டிருந்தன. ஆயின், அவை மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்தன.

பட்டுப் பகுதியில் இருபதாண்டு பணியாற்றிய அக்கா ஒருவர் இருந்தார். மாலையில் அவர்தம் கால்கள் வீங்கியிருத்தலைக் கண்டு, ஒருநாள், "சற்றே உட்காருங்களேன், அக்கா" என்றோம். அவர் நகைத்து, "உட்காரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை, தம்பி. ஆனால் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. முதலில் உட்காருகிறவளை மேற்பார்வையாளர் எப்படிப் பார்ப்பார் என்பது எங்களுக்குத் தெரியும்" என்றார். சட்டம் முக்காலியைக் கொணர்ந்து வைத்தது. உட்காரும் துணிவை அது கொணரவில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கின. கூட்டம் மிகுந்த ஒரு மாலையில், அக்கா விரித்த பட்டுப்புடைவையின் கரை, மேசைக்கடியில் கிடந்த முக்காலியொன்றின் துருத்திய ஆணியிற் சிக்கிக் கிழிந்தது. பழுதான துணியின் விலையை விற்பவர் சம்பளத்திற் பிடித்தல் அக்கடை வழக்கம். அக்கா நாற்புறமும் நோக்கினார்; கிழிசல் உள்ளடங்க மடித்து அடுக்கில் வைத்தார். அவர் கண்கள் நம் கண்களைச் சந்தித்தன. நாம் தலைகுனிந்து கணக்கில் ஆழ்ந்தோம்.

அப்புடைவையே மறுநாள் மணப்பெண்ணொருத்திக்கு விலையாயிற்று. மூன்று தலைமுறையாக அக்கடையிலேயே துணி எடுத்த குடும்பம் அது. திருமணத்திற்கு முன்னாள் அதனைத் திருப்பிக் கொணர்ந்தனர். அண்ணாச்சி என யாவரும் அழைக்கும் முதலாளி கைகூப்பி வேறு புடைவை அளித்தார். அவர்கள் அதனைப் பெற்றுச் சென்றனர். எஞ்சிய துணிகளை எதிர்க்கடையில் எடுத்தனர்.

"யார் செய்தது?" என்று அண்ணாச்சி வினவினார். எவரும் விடை பகர்ந்திலர். பொதி கட்டும்போது பாராமை குற்றமெனப் பொதி கட்டும் இளைஞன்மேற் பழி வீழ்ந்தது. அவன் நம்மினும் ஓராண்டு இளையவன். தன் தங்கையைப் படிக்க வைப்பவன். அவன் சம்பளத்திற் கழிக்கவேண்டிய தொகையை நம் கையாலேயே பேரேட்டில் எழுதினோம்.

வகுப்பில் நாம் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தைப் பயின்றவர். தவறு கண்டு கடிந்துரைப்பாரை இழந்த வேந்தனுக்கு வேறு பகை வேண்டா என்னும் அதன் கருத்தைத் தேர்வில் விரித்தெழுதியவர். அக்கல்வி அன்று நம் நாவிற்கு எட்டவில்லை.

மறுநாட் காலை அக்காவே அண்ணாச்சிமுன் சென்று நடந்ததை உரைத்தார். "அன்றே சொல்லியிருக்கலாகாதா?" என்றார் அண்ணாச்சி. "சொன்னால் சம்பளம் போவது உறுதி, அண்ணாச்சி, சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பலாம். ஆனால் அந்தப் பிள்ளை தலையில் விழும் என்று நினைக்கவில்லை" என்றார் அவர். அண்ணாச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்ப் பேரேட்டை வாங்கி, நாம் எழுதிய வரியைத் தம் கையால் அடித்தார். அக்காவின் பெயரிலும் எழுதச் சொன்னாரில்லை. சுத்தியல் கொணர்வித்து ஆணியை அடிக்கச் செய்தார். அம்முக்காலியை வெளியே இழுத்துத் தாமே அதில் அமர்ந்து, எதிரிருந்த மற்றொன்றைக் காட்டி, "நீயும் உட்கார், அம்மா" என்றார். அன்று நண்பகலுக்குள் மூவர் அமர்ந்தனர். வார முடிவில் அது புதுமையாகத் தோன்றவில்லை.

இதனால் அக்கடை பொன்னுலகாயிற்று என்று யாம் கூறோம். வேலை நேரம் குறைந்திலது, கூலியும் உயர்ந்திலது. எனினும், அடுத்த வாரம் விலைச்சீட்டு மாறி ஒட்டிய கட்டொன்றை, ஒரு புடைவையும் விற்குமுன்னரே, ஒரு பெண் தானே கொணர்ந்து காட்டினாள். முந்தைய வாரமாயின் அவள் காட்டியிராள். தொழிலாளர் நலமும் வாணிக நலமும் ஒரே தட்டில் நிற்றலை அன்று கண்டோம்.

வரலாறும் இதற்குச் சான்றாகும். சென்னைப் பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிற் பணிபுரிந்தோர்க்கு உணவுப்பொழுது அரைமணியே. அவர்தம் குறைகளைச் செவிமடுத்தது ஆலை அலுவலகமன்று. செல்வபதி செட்டியார் என்னும் துணி வணிகர் செவிமடுத்தார். அவரும் இராமாநுஜலு நாயுடுவும் முயன்றதன் பயனாக, 1918 ஏப்ரல் 27-இல், பி. பி. வாடியா தலைமையிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதற்குத் தோள்கொடுத்தார். பின்னர்க் கதவடைப்பும், 1921-இல் நீண்ட வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. சங்கம் வேண்டற்பாலதே. ஆயினும், தொழிலாளன் தன் குறையை அயற்கடையிற் சென்று சொல்லவேண்டிய நிலை ஓர் ஆலைக்கு வந்துற்றதெனின், அவ்வாலையின் செவி எத்துணை அடைபட்டிருத்தல் வேண்டும்!

நண்பர்காள்! நம்முட் பலர் நாளை அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் பணிபுரிவோம். சிலர் பிறரை ஏவும் நிலையும் எய்துவோம். அங்கே சுவரில் நல்விதிகள் தொங்கலாம். முக்காலிகளும் இருக்கலாம். அவற்றில் எவரேனும் அமர்கின்றனரா என்று நோக்குமின். பிழை செய்தோர் அன்றே வந்து உரைக்கின்றனரா என்று வினவுமின்.

விடுமுறை முடிந்து விடைபெற்ற நாளில், அந்த இளைஞன் நம் பெட்டியைப் பேருந்து நிலையம் வரை சுமந்து வந்தான். நாம் கண்டும் வாளாவிருந்ததை அவன் அறியான். அவனிடம் உரைக்க இருமுறை வாயெடுத்தோம், பேருந்து வந்துவிட்டது. அன்று அவனிடம் உரையாததை இன்று இவ்வேட்டில் எழுதுகின்றோம்.