அப்பாவின் குறிப்புப் புத்தகம்

என் அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் உலைக்கு முன்னால் நின்று உழைத்தவர். போர்ட் கிள்ளானிலிருந்து கிள்ளான் நகருக்குச் செல்லும் வழியில், ஆற்றை ஒட்டி ஒரு சிறிய இரும்பு வார்ப்புப் பட்டறை இருந்தது. செம்பனை ஆலைகளுக்கான பல்சக்கரங்கள், நீரேற்றிகளின் உறைகள், சாக்கடை மூடிகள் ஆகியவற்றை அங்கு வார்த்தார்கள். பன்னிரண்டு பேர் வேலை செய்த அந்தப் பட்டறையில் உலையின் பொறுப்பு அப்பாவுடையது.

பட்டறையின் நடுவில் இரண்டு மாடி உயரத்தில் ஓர் இரும்புக் கூண்டு நிற்கும். அதைக் குபோலா என்பார்கள். அதன் உட்புறத்தில் தீச்செங்கல் பதித்திருக்கும். மேலே உள்ள வாய் வழியாகக் கல்கரி, பழைய இரும்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். கீழே, புளோவர் எனப்படும் ஊதுவிசிறி ஓயாமல் காற்றைச் செலுத்தும். கல்கரி கனன்று எரியும். வார்ப்பிரும்பு சுமார் 1,200 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். ஆனால், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிச் சேர வேண்டுமானால் அது இன்னும் அதிகச் சூட்டோடு வெளிவர வேண்டும். சூடு குறைந்தால் பாதி அச்சிலேயே உறைந்துவிடும். அன்றைய உழைப்பு வீணாகும்.

அப்பாவிடம் வெப்பமானி இல்லை. ஓடிவரும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே அதன் சூட்டைச் சொல்லிவிடுவார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை மட்டுமே படித்தவர் அவர். ஆயினும், உலையைப் பற்றி அவர் சொன்னால் பட்டறையில் மறுபேச்சு இருக்காது.

1998-ஆம் ஆண்டில் நான் படிவம் நான்கில் பயின்றுகொண்டிருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட்டாக இருந்த நம் நாணயம், அவ்வாண்டு ஜனவரியில் நான்கு ரிங்கிட்டைத் தாண்டும் அளவுக்கு மதிப்பிழந்தது. பட்டறைக்குத் தேவையான கல்கரியோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. பினாங்கு மாநிலத்தின் பிறையில் 1967-இல் இயங்கத் தொடங்கிய மலாயாவாட்டா எஃகு ஆலை, கல்கரிக்குப் பதிலாக ரப்பர் மரக் கரியைக் கொண்டே தன் ஊதுலையை நடத்தியது. சிறிய பட்டறைக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. கல்கரியின் விலை ஏற ஏற, முதலாளியின் முகம் வாடியது. செலவு குறையாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உலை எரியும் என்றும், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப நேரும் என்றும் அவர் கூறிவிட்டார்.

அந்தச் சமயத்தில் முதலாளி ஓர் இளம் பொறியாளரை அழைத்து வந்தார். பிரிக்பீல்ட்சைச் சேர்ந்த தமிழ் இளைஞர். அவர் ஒரு வாரம் உலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் வெப்பத்தைப் பிடித்து, அதைக்கொண்டு உலைக்குச் செல்லும் காற்றைச் சூடாக்கலாம் என்றார். புகைபோக்கிக்குள் இரும்புக் குழாய்களைப் பதித்து, அவற்றின் வழியே காற்றைச் செலுத்த வேண்டும். காற்று சூடாகச் சென்றால் கல்கரி குறைவாகவே போதும் என்பது அவர் கருத்து.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

“மழை பேஞ்ச ராத்திரியில இரும்பு வெள்ளையா ஓடி வரும். பட்டப்பகல் வெயில்ல அதே கல்கரி, அதே இரும்பு, ஆனா மந்தமா வரும். குளிர்ந்த காத்துதான் உலைக்கு நல்லது. இந்தத் தம்பி காத்தச் சூடாக்கணும்னு சொல்றாரு. இருக்கிற உலையும் கெட்டுப்போகும்” என்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னார்.

எனக்கு அறிவியல் பாடத்தில் ஆர்வம் அதிகம். மறுநாளே கிள்ளானில் இருந்த பொது நூலகத்துக்குச் சென்று, இரும்புத் தொழிலின் வரலாற்றைக் கூறும் ஆங்கில நூலொன்றைத் தேடி எடுத்தேன். அதில் படித்த செய்தி என்னைத் துள்ள வைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் இருந்த இரும்பு உலை உரிமையாளர்களும் என் அப்பாவைப் போலவே எண்ணினார்கள். குளிர்காலத்தில் உலை நன்றாக வேலை செய்தது, கோடையில் மந்தமானது. எனவே, காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று முடிவு செய்தார்கள். காற்றுத் தொட்டிகள் வெயிலில் சூடேறாமல் இருக்க அவற்றுக்கு வெள்ளை பூசினார்கள். காற்றைக் குளிர்ந்த நீரின் மேல் செலுத்தியும் பார்த்தார்கள்.

கிளாஸ்கோ நகரின் எரிவாயு நிலையத்தில் மேலாளராக இருந்தவர் ஜேம்ஸ் பியூமான்ட் நீல்சன். கோடையில் உலை மந்தமாவது ஏன் என்ற கேள்வி அவரிடம் வந்தது. அதை ஆராயப் புகுந்த அவர், காற்றைச் சூடாக்கிச் செலுத்தினால் நெருப்பு வலுப்பெறுகிறது என்று கண்டார். 1828-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கிளைடு இரும்பாலையில் 1829-இல் குளிர்ந்த காற்றைக்கொண்டு ஒரு டன் இரும்பு எடுக்க ஏறத்தாழ 8 டன் நிலக்கரி செலவானது. மறு ஆண்டு, காற்றைச் சுமார் 150 பாகைக்குச் சூடாக்கியபோது அது 5 டன்னைச் சற்றே தாண்டியது. 1833-இல், 300 பாகைக்கு மேல் சூடாக்கியபோது 3 டன்னுக்கும் குறைந்தது. நிலக்கரியைக் கல்கரியாக மாற்றாமல் நேரடியாகவே உலையில் இட முடிந்ததும் அதற்கு ஒரு காரணமாகும்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பொறியாளரும் மற்றத் தொழிலாளர்களும் அங்கு இருந்தார்கள்.

“அப்பா, நீங்க சொல்றது தப்பு. நூத்தெழுபது வருஷத்துக்கு முன்னாலேயே இது தப்புன்னு நிரூபிச்சிட்டாங்க” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உலைப்பக்கம் போய்விட்டார். தொழிலாளர்களும் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள். நான் வெற்றி பெற்றவளைப் போல வீட்டுக்குத் திரும்பினேன். அன்று இரவு அப்பா என்னிடம் பேசவே இல்லை.

மறுநாள் அந்தப் பொறியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு எதிரில் அமர்ந்து, “அண்ணே, ராத்திரியில இரும்பு நல்லா வருதுன்னு சொன்னீங்களே, அது எத்தனை தடவை நடந்திருக்கும்?” என்று பணிவாகக் கேட்டார்.

அப்பா எழுந்து சென்று அலமாரியிலிருந்து நான்கைந்து சிறிய புத்தகங்களை எடுத்து வந்தார். மளிகைக்கடைக் கடனைக் குறித்து வைக்கும் அதே 555 குறிப்புப் புத்தகங்கள். உலை எரிந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இருந்தது. தேதி, பகலா இரவா, மழையா வெயிலா, எத்தனைக் கூடைக் கல்கரி, இரும்பு எப்படி வந்தது என நான்கு ஆண்டுக் கணக்கு. அப்பா இப்படி ஒன்றை எழுதி வருகிறார் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

“தங்கச்சி, நீங்க வாசிங்க, நான் கணக்குப் போடறேன்” என்றார் பொறியாளர்.

நான் வாசித்தேன். “பகல், வெயில், பத்துக் கூடை, மந்தம். இரவு, மழை, பத்துக் கூடை, நல்ல சூடு. பகல், வெயில், பத்துக் கூடை, மந்தம்.” பக்கங்கள் புரளப் புரள என் குரல் தாழ்ந்தது. அப்பா சொன்னது உண்மை. விதிவிலக்குகள் சில இருந்தன. ஆனால், பெரும்பாலும் இரவில் உருக்கிய இரும்பே அதிகச் சூட்டோடு வந்திருந்தது.

அப்படியானால் புத்தகத்தில் இருந்தது பொய்யா? பொறியாளர் தாளில் படம் வரைந்து விளக்கினார்.

புளோவர் ஒரு சுற்றில் இழுக்கும் காற்றின் கன அளவு மாறாது. ஆனால், சூடான காற்று விரிந்து இலேசாகிவிடும். எங்கள் பட்டறையில் புளோவர் உலையின் பின்புறத்திலேயே இருந்தது. வெயில் நேரத்தில் அந்த இடத்தில் 45 பாகைச் சூடு இருக்கும். மழை இரவிலோ 25 பாகைதான். அந்த வேறுபாட்டால், பகலில் அதே கன அளவுக் காற்றில் உயிர்வாயு நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்துவிடும். உயிர்வாயு குறைந்தால் கல்கரி வேகமாக எரியாது. குளிர்நாடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. குளிர்காலக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. கோடைக் காற்றின் ஈரமோ, கனலும் கல்கரியில் பட்டுப் பிரியும்போது வெப்பத்தைத் தின்றுவிடும். 1904-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே ஜேம்ஸ் கெய்லி என்பவர் காற்றைக் குளிர்வித்து, அதன் ஈரத்தை நீக்கிவிட்டு ஊதுலைக்குள் செலுத்திக் கல்கரிச் செலவைக் குறைத்துக் காட்டினார்.

“அதனால, நீங்க பார்த்தது சரிண்ணே. காத்து குளிர்ச்சியா இருந்ததால நெருப்பு வளரல. நிறைய காத்து போனதாலதான் வளர்ந்துச்சு” என்றார்.

பிறகு, சூடான காற்று ஏன் உதவுகிறது என்பதையும் சொன்னார். ஒரு கிலோ கரி முழுமையாக எரிய ஏறத்தாழ 11.5 கிலோ காற்று வேண்டும். அதில் பெரும்பங்கு நைட்ரஜன். அது எரிய உதவாது. ஆனால், குளிர்ந்து உள்ளே போகும் அதையும் உலைதான் சூடாக்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கல்கரியின் வெப்பத்தில் ஒரு பகுதி அதற்கே செலவாகிறது. வீணாகும் புகையின் வெப்பத்தாலேயே காற்றை முன்கூட்டிச் சூடாக்கிவிட்டால், அந்தச் செலவு மிச்சமாகும். நெருப்பின் சூடும் உயரும்.

அப்பா படத்தையே உற்றுப் பார்த்தார். வெகுநேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, நீங்க வரைஞ்சிருக்கிற படத்துல புளோவர் இன்னும் உலைக்குப் பின்னாலேயேதானே இருக்கு? அத ஆத்துப்பக்கம், நிழல்ல வச்சா என்ன? அங்க குளிர்ந்த காத்த நிறைய இழுக்கட்டும். இழுத்ததுக்கு அப்புறம் குழாயில சூடாக்குங்க. ரெண்டு நன்மையும் கிடைக்குமில்ல?”

பொறியாளர் பென்சிலைக் கீழே வைத்தார். சற்று நேரம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே பழைய படத்தை அழித்துவிட்டு, புளோவரை ஆற்றோரத்துக்கு நகர்த்தி வரைந்தார்.

குழாய்களைப் பற்றவைத்துப் பொருத்த மூன்று வாரங்கள் ஆயின. முதல் நாள் உலை மூட்டியபோது நானும் போயிருந்தேன். குழாயில் பொருத்திய வெப்பமானி மெதுவாக 200 பாகையைத் தொட்டது. அப்பா களிமண் அடைப்பைக் கம்பியால் குத்தித் திறந்தார். பட்டப்பகல், நல்ல வெயில். ஆனாலும், இரும்பு வெண்ணிறமாக ஓடி வந்தது. பத்துக் கூடை போட்டு வந்த இடத்தில் எட்டரைக் கூடைக் கல்கரியே அன்று செலவாயிற்று.

அவ்வாண்டு பட்டறையிலிருந்து எவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என நாணய மதிப்பு நிலைப்படுத்தப்பட்டதும் அதற்குத் துணை செய்தது. ஆயினும், அந்த ஒன்றரைக் கூடையின் பங்கு சிறியதன்று.

பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“நீ படிச்சதும் பொய்யில்ல, நான் பார்த்ததும் பொய்யில்ல. ஆனா, நீ என்கிட்ட ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்மா” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

இன்று பாடத்திட்டம் வகுப்பது என் பணி. பெரிய ஊதுலைகளில் காற்றை 1,000 பாகைக்கும் மேல் சூடாக்கிச் செலுத்துகிறார்கள் என்று பாடநூலில் ஒரே வரியில் எழுதிவிடலாம். மாணவர்களும் அதை மனனம் செய்துவிடுவார்கள். ஆனால், ஒரு மாணவர் தவறான காரணத்தைச் சொல்லும்போது, அதை உடனே அடித்துவிட என் கை தயங்குகிறது. காரணம் தவறாக இருக்கலாம். அவர் கண்ட காட்சி உண்மையாக இருக்கலாம். எனவே, ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில், ‘நீ என்ன பார்த்தாய்?’ என்று முதலில் கேட்குமாறு கூறி வருகிறேன்.

அப்பா இப்போது இல்லை. அவருடைய 555 புத்தகங்கள் என் மேசையில் இருக்கின்றன. அந்த முதல் நாளுக்குரிய வரியும் அவற்றில் இருக்கிறது: “பகல், வெயில், எட்டரைக் கூடை, நல்ல சூடு.” அதன்கீழ், அதுவரை எந்த நாளுக்கும் எழுதாத ஒன்றைக் கூடுதலாக எழுதியிருக்கிறார்: “இனிமேல் காரணத்தையும் கேட்டு எழுத வேண்டும்.”